தெரேங்கா கேட்ட ஓடம்

எங்கள் தீவுக்கு வெளியூரான் வந்தால், முதலில் ஆவியின் இடத்தில் புகையிலை வைத்துக் கன்னத்தில் மணல் பூசிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் ஊர் கூடும் மனேயபாவுக்குள் வரலாம். அந்தப் பெரிய கூரைக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம் உண்டு. என் பக்கத்து இடம் தெரேங்காவுடையது. அதனால் நடந்ததை நான் முழங்கை தூரத்தில் இருந்து பார்த்தேன். நியாயம் பேச என்னிடம் வராதீர்கள், நான் அவள் பக்கம்.

அவள் கணவன் பௌரோ நான்கு வருடம் உழைத்து ஓர் ஓடம் கட்டினான். ஓர் ஆணி கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தான். கயிறு முழுவதும் தெரேங்கா தன் தொடையில் வைத்துத் திரித்தது. ஓடம் தண்ணீரில் இறங்கிய மறுவாரமே பௌரோவின் தம்பி காபுனாரே வந்து அதைத் தனக்குக் கொடு என்று கேட்டான். அவனிடம் நல்ல ஓடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. சொந்தக்காரன் இப்படிக் கேட்பதற்கு எங்கள் ஊரில் புபுதி என்று பெயர். இல்லை என்று சொன்னவன் சாகும்வரை தலைநிமிர முடியாது. பௌரோ கொடுத்துவிட்டு, ஓட்டை அடைத்த பழைய ஓடத்தில் சூரை பிடிக்கப் போனான். துடுப்பு மட்டும் கரைக்கு வந்தது.

பன்னிரண்டு வருடம் காபுனாரே பிடித்த மீனை அவள் வாயில் வைக்கவில்லை. நீயும் திருப்பிக் கேளேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். கேட்டால் கொடுப்பான், மறுநாளே வந்து மறுபடி கேட்பான், நான் கொடுத்தாக வேண்டும் என்றாள். போகட்டும், பௌரோ கட்டியது என்று ஊருக்குத் தெரிகிறதே, அது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் ஆந்தர்ஸ் என்ற டென்மார்க்காரன் சரக்குக் கப்பலில் வந்து இரண்டு வாரம் தங்கினான். தினமும் அந்த ஓடத்தில்தான் காபுனாரே அவனை அழைத்துப் போனான். வழியனுப்பு விருந்தில், இவ்வளவு அழகான ஓடத்தைக் கட்டியது யார் என்று அவன் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"நாந்தான். நாலு வருஷம் ஆச்சு" என்றான் காபுனாரே.

பெரியவர்கள் பாயைப் பார்த்தார்கள். விருந்தாளி முன்னால் ஒருவனை அவமானப்படுத்தக் கூடாதாம். ஆந்தர்ஸ் அந்தப் பொய்யனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அப்போது தெரேங்கா எழுந்து நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்த ஓடத்த எனக்குக் குடு. உங்கிட்ட புபுதி கேக்கறேன்."

காபுனாரேயின் முகத்தில் ஈயாடவில்லை. "எடுத்துக்கங்க அண்ணி" என்றான். சிரிப்பை மறைக்க நான் இருமினேன்.

மறுநாள் காலையில், அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று உரத்த குரலில் பேசிக்கொண்டே அவன் வந்தான். நாங்கள் ஆந்தர்ஸின் கடைசிச் சாப்பாட்டுக்காகக் குழி அடுப்பு மூட்டியிருந்தோம்.

"அண்ணி, அந்த ஓடத்த நான் புபுதி கேட்டு வந்திருக்கேன்."

தெரேங்கா முகவாயால் குழியைக் காட்டினாள். விடிந்ததில் இருந்து நானும் அவளும் தையலை வெட்டிப் பலகை பலகையாகப் பிரித்து அதில் போட்டிருந்தோம். வெட்டும்போது ஒவ்வொரு கயிற்றுக்கும் அவள் அழுதாள். கட்டியவர் பெயரே போன பிறகு வெறும் பலகைதானே என்று சொல்லிக்கொண்டே அழுதாள். இப்போது அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"குடுத்துட்டேன் தம்பி. எடுத்துக்க. சுடும், பாத்து."

அவன் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வந்த வழியே திரும்பிப் போனான். பழுத்த கற்களின் மேல் வெந்துகொண்டிருந்தது, விருந்தாளிக்காக முந்தின நாள் அவன் பிடித்துக் கொடுத்த மீன். அதில் ஒன்றை எடுத்துத் தெரேங்கா முள் மிச்சமில்லாமல் தின்றாள்.