பந்தலுக்குள் வந்த காடி

கருகிய வயரும் திருநீறும் வாடிய மல்லிகையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியும். மூக்கைப் பொத்திக்கொள்ளவும் தோன்றும், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும். பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, சரசு அக்காவின் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், எங்கள் மாமாவின் காருக்குள்ளிருந்து அந்த வாசம் புகையோடு கிளம்பியது. எழுபதுகளின் கடைசியாக இருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற வருஷம் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் அன்றைக்கு ஓடியாடி வேலை செய்யப் பள்ளிக்கூடச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், அந்தச் சட்டைக்கு வேறு வேலை இல்லாமல் போயிருந்தது.

சரசு அக்கா எங்கள் வீட்டுக்கு மூத்தவள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில், ரேடியோவுக்கு உள்ளே போகிற சின்னச் சின்னத் தகடுகளில் ஈயம் வைத்து வயர் ஒட்டுகிற வேலை. விடியற்காலையில் 'பெர்ரி' ஏறி அக்கரைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அந்தக் காலத்துப் பெர்ரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் பேத்தி எழுந்து போய்விடுவாள், நீங்களும் போய்விடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். அக்கா உட்காரும் வரிசையில் மின்விசிறி போடமாட்டார்களாம். காற்றடித்தால் ஈயம் ஒட்டுவதற்குள் ஆறிவிடும் என்பார்களாம். நாள் முழுக்க அந்தச் சூட்டுக்கு முன்னால் குனிந்திருந்துவிட்டு வருவாள். கல்யாணம் பேசி முடிந்ததும் அப்பா அவளைக் கூப்பிட்டு, "ஒனக்குன்னு என்னம்மா வேணும், கேளு" என்றார். அட்டிகை கேட்பாளோ, பட்டுச் சேலை கேட்பாளோ என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் சொன்னாள்: "மாமா காடியில ஏர்கோன் போட்டு என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்பா. நல்லா குளுகுளுன்னு. அது போதும்."

காரை நாங்கள் 'காடி' என்றுதான் சொல்வோம். ரெங்கு மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சீனத் தவுக்கேயிடம் டிரைவராக இருந்தவர். முதலாளி புதுக் காடி வாங்கியதும் பழையதை மாமாவுக்கே கொடுத்துவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி மாதிரித் தொங்கும் ஏர்கோன் அதில் இருந்தது. எங்கள் தெருவில் ஏர்கோன் உள்ள காடி அது ஒன்றுதான். மேலே டேஷ்போர்டில் மாமா ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குத் திருநீறு தூவி, மல்லிகைச் சரம் சாத்துவார். தூவிய திருநீறும் உதிர்ந்த பூவும் எங்கே போகின்றன என்று அவர் யோசித்ததே இல்லை. "காத்து வரவரக் கொஞ்சம் கம்மியா வருது, ஆனா வாசமா வருது லா" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அக்காவுக்கு நலுங்கு வைத்தார்கள். மாமா காடியைக் கழுவித் துடைத்து, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டுக்கொண்டு மத்தியானம் வந்தார். கை நிறையத் திருநீறு, முழம் முழமாகப் பூ. வருகிற வழியில் ஏர்கோன் பியூஸ் போய்விட்டதாம். மாமா கவலைப்படவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை உருட்டி அந்த இடத்தில் செருகிவிட்டார். எங்கள் ஊர்க் காடிகளில் பாதி அப்போது அந்தத் தாளில்தான் ஓடின. என்னை முன் சீட்டில் உட்காரவைத்து, "மாப்ளே, நாளைக்கு ஒங்கக்காவுக்கு எப்படிக் குளுரும்னு நீ மொதல்ல பாரு" என்று சுவிட்சைத் திருப்பினார். பெட்டிக்குள் 'முக்க்' என்று ஒரு சத்தம். பிறகு நான் முதலில் சொன்னேனே, அந்த வாசம். மாமா என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினார்.

சீனப் பெருநாள் வாரம். ஒரு வொர்க் ஷாப் கூடத் திறக்கவில்லை. அக்கா ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். முகமெல்லாம் மஞ்சள்.

"மாமா, எரிஞ்சது காத்தாடிக்குப் போற புளோவர் வயரா?"

"எதுன்னு தெரியலம்மா. கறுப்பா உருகிக் கெடக்கு. நாளைக்கு ஜன்னலத் தொறந்துட்டுப் போனா நல்ல காத்து வரும் லா."

"நானே வந்து பாக்கறேன்" என்று அக்கா வாசலுக்கு வந்தாள். அங்கே அத்தை நின்றார். அப்பாவுக்கு அக்கா, சடங்கு சாங்கியம் எல்லாம் அவர் கையில்.

"நலுங்கு வச்ச பொண்ணு வீட்ட விட்டு வெளிய போவக் கூடாது."

"அத்தே, தோ நிக்குது காடி. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம் போனாலும் வெளிய போனதுதான்."

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை சற்று நேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து, வாசலில் போட்டிருந்த கல்யாணப் பந்தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஏப்பா ரெங்கு, பந்தக்காலு யாரு ஊனுனது?"

"நீங்கதாங்கக்கா. மஞ்ச குங்குமமெல்லாம் வச்சீங்களே."

"பந்தக்காலு ஊனுன எடம் வீடா, வெளியா?"

மாமாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. "வீடுதாங்கக்கா!"

"அப்ப காடிய வீட்டுக்குள்ள தள்ளு."

வாழை மரத்தை அவிழ்த்தோம், நாற்காலிகளை ஒதுக்கினோம், எல்லாரும் சேர்ந்து காடியைத் தள்ளிக்கொண்டு பந்தலுக்குள் நிறுத்தினோம். பாசாரிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்த அப்பா, கோலத்தின் மேல் நிற்கும் காடியைப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வந்தா எங்கடா ஒக்காருவாங்க?" என்றார். "பின் சீட்டுல ரெண்டு பேரு ஒக்காரலாம் அத்தான்" என்று ரெங்கு மாமா சொன்னதற்கு அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் சீட்டின் கீழே தலையை விட்டாள். பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்த காற்றாடியைப் பார்த்தோம். வட்டக் கூண்டு மாதிரி இருக்கும் அது, பல மாதத்துப் பூவும் திருநீறும் ஈரத்தில் குழைந்து அடைத்துக் கிடந்தது.

"பாருங்க மாமா, காத்தாடி சுத்த முடியாம முக்கியிருக்கு. அதனால வயரு சூடாயிருக்கு. பியூஸ் போனா ஏன் போச்சுன்னு பாக்காம, சிகரெட் தாள வச்சா? அப்பறம் வயரு எரியாம என்ன செய்யும்?"

"முருகனுக்குத்தானம்மா போட்டேன்."

"முருகன் எடுத்துக்கல. காத்தாடி எடுத்துக்கிச்சி."

கொண்டை ஊசியால் பூவை நோண்டி எடுத்தாள். மோட்டாரை விரலால் சுற்றிப் பார்த்தாள், நன்றாகச் சுற்றியது. உருகிப்போன வயர்ச் சொருகியை வெட்டி எறிந்தாள். தெரு முனையில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த பாயிடம் மாமா ஓடிப்போய்ச் சூட்டுக்கோலும் ஈயமும் தடித்த வயரும் சரியான பியூசும் வாங்கி வந்தார். பந்தலில் கலர் விளக்குக்கு இழுத்திருந்த கரண்டில் கோலைச் சூடாக்கினார்கள். அக்கா எரிந்த வயரை நல்ல இடம் வரைக்கும் வெட்டிவிட்டு, புது வயரை முறுக்கி, ஈயம் வைத்தாள். வேர்வை மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. பாவம் பார்த்து அம்மா விசிறியை எடுக்க, "விசிறாதம்மா, ஈயம் ஆறிடும்!" என்று கத்தினாள்.

டேப் சுற்றி, பேட்டரி மாட்டி, எஞ்சினைக் கிளப்பி, சுவிட்சைத் திருப்பியதும் உள்ளே மிச்சமிருந்த திருநீறு எல்லாம் குபீரென்று வெளியே வந்தது. மாமா, நான், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை மூவரும் வெள்ளை வெளேரென்று ஆனோம். அத்தை கண்ணை மூடியபடியே நெற்றியில் மூன்று விரலால் இழுத்துக்கொண்டு "முருகா" என்றார். பின்னாலேயே குளிர்காற்று வந்தது.

மறுநாள் காலை, அக்கா அலங்காரத்தோடு பின் சீட்டில், பக்கத்தில் அத்தை, முன்னால் நானும் மாமாவும். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்மலை எவ்வளவு தூரம்? குளிர் நன்றாக ஏறுவதற்குள் கோயில் மண்டபம் வந்துவிட்டது. நாதஸ்வரம் கேட்கிறது, கதவைத் திறக்க ஆள் ஓடி வருகிறது. அக்கா இறங்கவில்லை.

"மாமா, இன்னொரு சுத்து போலாமா?"

மாமா பயந்துபோய் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அத்தை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "நேரம் இருக்கு, போ. அந்தக் கண்ணாடிய முழுசா ஏத்து" என்றார். ஓடி வந்த ஆளைப் புழுதியில் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த பூந்தோட்டத்து வாசல் வரை போய்த் திரும்பினோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

இப்போது வாசலில் பந்தல் போடுகிறவர்கள் இல்லை. கல்யாண மண்டபமே ஏர்கோன் போட்டுக் குளிருகிறது, பட்டுச் சேலைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நாங்கள் இருந்த பலகை வீட்டின் இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. இந்தக் காலத்துக் காடியில் புளோவர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவும் அத்தானும் பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது இந்தக் கதை மறுபடியும் வந்தது.

"நீங்கல்லாம் காடிக்குள்ள இருந்த கதையத்தான் சொல்றீங்க" என்றார் அத்தான். "நான் மால போட்டுக்கிட்டு மண்டபத்து வாசல்ல நின்னேன். பொண்ணு காடி வந்திச்சி, நின்னிச்சி, என்னப் பாத்திச்சி, திரும்பிப் போயிடுச்சி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சி, வேர்வையில."

அக்கா காப்பியை அவர் முன்னால் வைத்தாள். "எனக்கு நல்லா குளுந்துச்சி" என்றாள்.