பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரம்

சின்ன மாமா வெளியிட்ட இரண்டு தனி ஆல்பங்களில் எது நல்லது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். மகள் மத்தியானம் தூங்கும்போது கீழே வந்திருக்கும் கருத்துகளை நான் வாசிப்பேன். முதலாவதுதான் கிட்டார், இரண்டாவது கல்யாண வீட்டுச் சாமான் என்று டுபாயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் அக்கா கல்யாணத்தில் இரண்டாவதைத்தான் போட்டோம், தேயிலைத் தோட்டமே சேர்ந்து பாடியது, நீங்கள் அங்கே வந்து கேட்டீர்களா என்று ஹல்துமுல்லைக்காரர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டுமே வேண்டாம், பேண்டில் வாசித்த காலம்தான் காலம் என்று மூன்றாவது கட்சியும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் புதிதாக ஒருவர் வந்தார். 'முதல் ஆல்பத்தில் புலி மாதிரி இருந்த மனுஷன். யாரோ காதுல ஓதிக் கெடுத்துட்டாங்க. அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த ஆள் நானாக இருக்கலாம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

சின்ன மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. பதுளையில் ஒரு கடையில் கைப்பேசி திருத்துவார். வார இறுதிகளில் ஒரு ரொக் பேண்டில் லீட் கிட்டார் வாசிப்பார். ரொக் பேண்ட் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. கோயில் திருவிழா என்றால் முதல் பாட்டு பிள்ளையாருக்கு, மீதிதான் ரொக். பாடகருக்குத் தோள்வரை முடி. மேடையில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போடுவார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் அவருக்கு ரசிகர்கள் இல்லாத லயத்து வீடு கிடையாது. மாமாவுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். மேடையின் இடது மூலையில், மாமாவின் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கும் சில இளைஞர்கள். அவர்கள் கைதட்டக்கூட மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். பாட்டின் நடுவே பாடகர் தண்ணீர் குடிக்கப் போவார். அப்போது மாமா தனியாக வாசிப்பார். கூட்டம் கடலை வாங்கப் போவதும் பிள்ளைகளை ஒன்றுக்குக் கூட்டிப் போவதும் அந்த நேரத்தில்தான்.

மாமாவின் முதல் ஆல்பம் முழுவதும் பாடகர் தண்ணீர் குடிக்கும் நேரம். பாட்டே இல்லை. கிட்டார் மட்டும்.

அட்டையில் மாமா ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பாறையில், மூடுபனியைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, யாரோட கோவிச்சுக்கிட்டு நிக்கிற?"

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்த அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முன்னுரை ரொம்ப நல்லா இருக்கு மச்சான், கட்டுரை எங்க?" என்றார்.

வேடிக்கை அத்தோடு நின்றுவிட்டது. கொழும்பில் பெரிய மாமாவின் கடையில் சின்ன மாமாவுக்கு ஓர் இடம் காத்திருந்தது. கிட்டாரை வைத்துவிட்டு அங்கே போ, ஒரு வழியாகக் குடும்பம் நடத்து என்று அம்மா வெகுநாளாகச் சொல்லி வந்தார். அன்று மாமா ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"சனங்க வேணாம்னா கிட்டார வித்துட்டு கொழும்புக்குப் போயிர்றேன்க்கா. வேணும்னாங்கன்னா அதுக்கப்புறம் என்னை விட்டுரணும்."

"எந்த சனங்க? ஒன் கையப் பாத்து தலையாட்டுற அந்தப் பொடியனுங்களா?"

"அவனுங்க எப்படியும் நல்லம்னுதான் சொல்லுவானுங்க. பஸ்ஸுல சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் எந்த இசைக்குழுவின் சீடி வந்தாலும் அது முதலில் ஏறுவது தனியார் பஸ்ஸில்தான். பஸ்ஸில் அது தாக்குப்பிடித்தால் கடையில் விற்கும். பஸ்ஸில் 'மாத்துங்க' என்று ஒரு குரல் வந்துவிட்டால் அதோடு சரி.

எனக்கு மாமா கொழும்புக்குப் போய்விடக் கூடாது என்றிருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில், ஒரு விஷயத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று என்னிடம் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாரம் மாமா என்னைப் பண்டாரவளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கக் கூட்டிப் போனார். திரும்பும்போது பூனாகலை பஸ்ஸில் ஏறியதும் சாரதியிடம் சீடியை நீட்டினார். "அண்ணே, இது புதுசு. சும்மா போட்டுப் பாருங்க." அது தன்னுடையது என்று சொல்லவில்லை. நாங்கள் நடுவில் ஓர் இருக்கையில் உட்கார்ந்தோம். மாமா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாருன்னு சொல்லக் கூடாது. வாயே தொறக்கக் கூடாது, சரியா?"

நான் சப்பாத்துப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் இசை தொடங்கியது. பஸ் நிறையச் சனம். கோவா மூட்டை, லீக்ஸ் கட்டு என்று மரக்கறி, நடுவில் கைக்குழந்தைகள். பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் இசை வருவது எல்லோருக்கும் பழக்கம், காத்திருந்தார்கள். இசை வளைந்து நெளிந்து போய் முடிந்தே போயிற்று. இரண்டாவது தொடங்கியது.

"எப்பதான் பாடப் போறானுங்க?" என்றார் கோவா மூட்டைக்காரர்.

"தொண்டை கட்டிருச்சு போல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கொண்டக்டர் எட்டி மேலே பார்த்தார். அந்த பஸ்ஸின் ஸ்பீக்கருக்கு ஒரு பழைய வியாதி உண்டு. ஒரு பக்கத்து வயர் தளர்ந்தால் பாடுகிறவர் குரல் காணாமல் போய்விடும், வாத்தியம் மட்டும் கேட்கும். அடிக்கடி போகிற எல்லோருக்கும் அது தெரியும்.

"வயர் போயிருச்சு அண்ணே!" என்று கொண்டக்டர் கத்தினார்.

"ஒசரமா இருக்கவங்க யாராச்சும் அத அமுக்கிப் பிடிங்க," என்றார் சாரதி.

உயரமான ஒருவர் எழுந்து ஸ்பீக்கரைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார். குரல் வரவில்லை. இன்னும் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினார். மாமா தொப்பிக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

கடைசி இருக்கையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு, "டேய், இது நம்ம பேண்டுல லீட் அடிக்கிறாரே, அவரு கை மாதிரி இருக்குடா," என்றான்.

"போடா. அவரு வாசிச்சா இத விட நல்லா இருக்கும்," என்றான் மற்றவன்.

நான் மாமாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. விடைத்தாள் திருத்தும்போது அப்பாவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பேன், எந்த நொடியில் சிவப்புக் கோடு விழுமோ என்று. அன்று அதே போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். 'மாத்துங்க' என்று யார் வாயில் வரும்? கோவா மூட்டைக்காரர் வாயைத் திறந்தார். கொட்டாவிதான் விட்டார்.

மூன்றாவது இசை மெதுவானது. இரண்டு அடி நடந்து, நின்று, மறுபடி நடக்கிற மாதிரி ஒரு மெட்டு. அப்போதுதான் முன் வரிசையில் இருந்த ஒரு அக்கா, கொழுந்துக் கூடைக்குக் கட்டும் புதுக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மெட்டின் மேலேயே பாட ஆரம்பித்தார். எந்தப் பாட்டும் இல்லை, அந்த நிமிடத்தில் கட்டியது.

"பாடுறவன் எறங்கிப்புட்டான் பண்டாரவளையில
பாதிப் பாட்ட நாம பாடுவோம் பூனாகல மலையில!"

பஸ் வெடித்துச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் அடுத்த வரியில் சாரதியை இழுத்தார். அதற்கடுத்த வரியில் ஸ்பீக்கரை முட்டுக்கொடுத்து நின்றவர் மாட்டினார், அவருக்கு அதில் பெருமைதான். கொண்டக்டர் பலகைக் கதவில் தாளம் போட்டார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதன, அவற்றையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். வளைவுகளில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து பாடினோம். நான் பாடவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் அல்லவா.

அந்த இசை முடிந்து, நான்காவது வேகமாகத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே குரலில், "ஐயோ, இது வேணாம். முன்ன போட்டத திருப்பிப் போடுங்க!" என்றார்கள். சாரதி திருப்பிப் போட்டார். முடிந்ததும் மறுபடி போட்டார்.

அப்போதுதான் துணிந்து மாமாவைப் பார்த்தேன். முகம் தொப்பிக்குள் இருந்தது, தெரியவில்லை. இடது கை மட்டும் முன் இருக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறார் என்று நினைத்தேன். தன் இசையை இத்தனை பேர் சேர்ந்து மூடிவிட்டார்களே என்று எனக்கே அழுகை வந்தது.

இறங்கும்போது மாமா சீடியைக் கேட்டு வாங்கவில்லை. பஸ் சத்தம் அடுத்த வளைவுக்குப் பின்னால் போகும்வரை நின்று கேட்டார். பிறகு எங்கள் ஆசிரியர் குவாட்டர்ஸ் வீட்டுக்கு ஏறும் பாதையில் என்னிடம், "இப்ப பேசலாம். ஒனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது கொட்டிவிட்டது. "பாட்டு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா. எல்லாரும் காத்துக்கிட்டே இருந்தாங்க, பாவம்."

"ம்," என்றார் மாமா. அவ்வளவுதான்.

வாசலில் அம்மா நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க சனங்க?"

"திருப்பிப் போடச் சொன்னாங்கக்கா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். உண்மைதானே.

மாமா கொழும்புக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு இரண்டாவது ஆல்பம் வந்தது. அதிலும் பாடகர் இல்லை. ஆனால் கிட்டார் கொஞ்சம் வாசித்துவிட்டு ஒதுங்கி நின்றது, யாராவது வந்து பாடட்டும் என்பது போல. அட்டையில் மாமா இந்த முறை முகத்தைக் காட்டிச் சிரித்தார். கல்யாண வீடுகளில், சடங்கு வீடுகளில் அதைப் போட்டுவிட்டு ஆளாளுக்கு வரி கட்டிப் பாடினார்கள். மேடையின் இடது மூலையில் தலையாட்டியவர்கள் மட்டும் மாமாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவர் விட்டுக்கொடுத்துவிட்டார்.

இத்தனை வருஷமாக, அவரை விட்டுக்கொடுக்க வைத்தது என் வாய்தானோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை அவரிடமே கேட்டேன். "ஒனக்கு எது பிடிக்கும், அத சொல்லு மொதல்ல," என்று திருப்பிக் கேட்டார். நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

போன மாதம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது பதுளையில் சொந்தமாகக் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார். என் ஐந்து வயது மகளுக்குத் தன் பழைய கிட்டார் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அவள் அதைத் தரையில் படுக்கப் போட்டு, கம்பிகளை வருடி, சொல்லே இல்லாத ஒரு பாட்டை நீளமாகப் பாடினாள். அது எங்கே போகிறது, எப்போது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நர்சரி டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது: பிள்ளை சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாட மாட்டேன் என்கிறாள். அந்தக் கவலையோடு மாமாவைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கதிரையின் கையில் அவருடைய இடது கை விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன மாமா, கை நடுங்குது? டொக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஷ், நடுங்கல. பாப்பா கூட வாசிக்கிறேன்."

விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவை ஓர் இடத்தில் அழுந்தின, எழுந்தன, இன்னோர் இடத்தில் அழுந்தின. அவள் நின்றபோது நின்றன. பூனாகலை பஸ்ஸின் இரும்புக் கம்பியில் நான் பார்த்ததும் இதைத்தான். ஒன்பது வயதில் அழுகைக்கு மட்டும்தான் நடுக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். அந்த அக்கா பாடத் தொடங்கிய உடனே, நான் வாயைத் திறப்பதற்கு வெகு நேரத்துக்கு முன்னாலேயே, மாமா அவரோடு சேர்ந்து வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்படியென்றால் காதில் ஓதியது நான் இல்லையா? அந்த 'ம்' எதற்கு? அது இன்னும் தெரியவில்லை. ஆனால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் மகள் மறுபடி கிட்டாரைப் படுக்கப் போட்டு வருடிவிட்டு, தலையைத் தூக்கி, "நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். எனக்குக் கிட்டார் தெரியாது, கூடச் சேர்ந்து வாசிக்க விரல்களுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் அவள் பாட்டு மாறிவிடுமோ என்று பயம், சொல்லாவிட்டால் யாரும் கேட்காத பாட்டாகவே போய்விடுமோ என்றும் பயம். பிள்ளை வளர்த்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், யாராக இருந்தாலும் சரி, நான் என்ன சொல்லலாம் என்று எழுதுங்கள். 'நல்லா இருந்துச்சு' என்று மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். அதைத்தான் தினமும் சொல்கிறேன். அவள் நம்புவதில்லை.