ஜப்பான் பேதுரு வெந்நீரூற்றுக்குப் போனது

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் ஜப்பானைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் பேதுருவிடம்தான் கேட்பார்கள். பூமியதிர்ச்சி ஏன் வருகிறது, டொயோட்டா ஏன் பழுதாவதில்லை, அந்த நாட்டுச் சனம் ஏன் மெலிந்திருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் ரூ பஜோல் தெருமுனைத் தேநீர்க் கடையில் நின்றபடியே தீர்ப்பு வழங்கிவிடுவார். இந்தத் தகுதி அவருக்கு வந்த வழி சுத்தமானது. இருபது வருடமாக ஒரு ஜப்பானிய உணவகத்தில் சுஷி உருட்டுகிறார். முதலாளி சீனர், சமைப்பவர்கள் யாழ்ப்பாணத்தவர், சாப்பிடுபவர்கள் பிரெஞ்சுக்காரர். ஜப்பானைச் சேர்ந்தது சுவரில் தொங்கும் எரிமலைப் படம் ஒன்றுதான். ஆயினும் சனம் அவருக்கு 'ஜப்பான் பேதுரு' என்று பட்டம் சூட்டியது. கொடுத்த பட்டத்தை மறுப்பது மரியாதை இல்லை என்று அவரும் ஏற்றுக்கொண்டார்.

சென்ற வருடம் அவருடைய மனைவி மேரிறோஸுக்குப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். வைத்தியம் முடிந்தது, ஆளும் தேறிவிட்டார். ஆனால் பியர்ஃபித் புறநகரிலிருந்த அவர்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியின்மேல் ஒரு துவாய் தொங்கத் தொடங்கியது. உடுப்பு மாற்றும்போது மேரிறோஸ் விளக்கை அணைத்தார். பேதுரு ஒன்றையும் கவனிக்காதவர்போல நடந்துகொண்டார்; இருட்டில் கட்டில் காலில் பெருவிரலை இடித்தபோதும் வாய் திறக்கவில்லை.

மகள் துஷ்யந்தி இருவருக்கும் ஜப்பானுக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். வெந்நீரூற்றில் குளித்தால் அம்மாவின் உடம்புக்கு நல்லது என்றும் சொன்னாள்.

"அங்கை உடுப்போடையோ குளிக்கிறது?" என்று மேரிறோஸ் கணவரைக் கேட்டார்.

நிபுணர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "லூர்து மாதிரித்தான் மேரி. வெள்ளைத் துணி சுத்தித்தான் தண்ணிக்கை இறக்குவினம்."

ஒவ்வொரு ஆகஸ்டும் லூர்து மாதாவிடம் போய், துணி சுற்றி, பனிபோன்ற தண்ணீரில் முங்கி எழுந்தவர்கள் இருவரும். குணமாக்கும் தண்ணீர் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் சட்டம் ஒன்றாகத்தானே இருக்கும்? மேரிறோஸ் சம்மதித்தார்.

டோக்கியோவிலிருந்து மலைப்பக்கம் போகும் ரயிலில் ஏறினார்கள். ரயிலில் ஒருவரும் கதைக்கவில்லை. சீட்டுப் பரிசோதகர் வந்து, பெட்டிக்கே குனிந்து வணங்கினார். பேதுரு பதறி எழுந்து தானும் குனிந்தார். பரிசோதகர் அடுத்த பெட்டிக்குப் போகுமுன் திரும்பவும் குனிந்தார். பேதுருவும் குனிந்தார்.

"சும்மா இருங்கோ. அந்த மனுசன் பயப்பிடப்போறான்."

"எங்கடை ரயிலிலை கொன்றோலைக் கண்டால் நாங்கள்தானே கும்பிடுறது? இஞ்சை கொன்றோல் எங்களைக் கும்பிடுறான். எழும்பாமல் இருக்கலாமே?"

பிறகு ரயில் நிலையத்தில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு சுஷியை நீதிபதியின் முகத்தோடு மென்றார். "வினாகிரி காணாது. இவங்கள் இன்னும் பழகவேணும்" என்றார். மேரிறோஸ் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

வெந்நீர்க் குளிப்பகத்தின் வாசலில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில், ஒரு படப் பலகை இருந்தது. நீச்சலுடைக்கு மேல் சிவப்புக் கோடு. துவாய் சுற்றியவர் தண்ணீரில் இறங்கும் படத்துக்கு மேலும் சிவப்புக் கோடு. அதை முதலில் கண்டவர் மேரிறோஸ். கழற்றிய சப்பாத்தைத் திரும்பவும் போட்டுக்கொண்டு சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் போய்க் குளிச்சிட்டு வாங்கோ. நான் இஞ்சை இருக்கிறன்."

"இது பழைய பலகையா இருக்கும் மேரி..." என்று தொடங்கிய பேதுரு, மனைவியின் கை மேற்சட்டையின் மேல் பொத்தானை இறுகப் பிடித்திருப்பதைக் கண்டார். லா சப்பல் இதுவரை கேட்டிராத வசனம் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"எனக்குத் தெரியாது. சும்மா சொன்னனான்."

"நீங்கள் சொல்லுறது முழுக்கப் புளுகு எண்டு லா சப்பலுக்கே தெரியும். எனக்கும் தெரியும்." மேரிறோஸின் குரல் தணிந்தது. "இதை மட்டும் நம்பினனான்."

பேதுரு வரவேற்பு மேசைக்கு நடந்தார். தனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல்லை, உணவகத்தில் வாடிக்கையாளரை வரவேற்கக் கத்தும் சொல்லை, அங்கிருந்த அம்மாவிடம் பணிவாகச் சொன்னார். விருந்தாளியே தன்னை வரவேற்றதில் அந்த அம்மா திகைத்துப்போனார். அடுத்து பேதுரு கைபேசிக்குள் பிரெஞ்சில் கிசுகிசுத்தார். கைபேசியோ, அதை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி இளம்பெண் குரலில் அறிவித்தது: 'என் மனைவிக்கு ஒரு மார்பு இல்லை. அவள் அழகானவள். அவள் குளிக்க வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது.'

வாங்கில் இருந்த மேரிறோஸைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. மேசை அம்மா எழுந்து ஆழமாகக் குனிந்தார். குடும்பமாகக் குளிப்பதற்கென்று தனியறை இருந்தது. அதன் கதவுத் திறப்பை எடுத்து வந்து மேரிறோஸின் கையில் வைத்தார்.

அறைக்குள் மரத்தொட்டியிலிருந்து ஆவி பறந்தது.

"அங்காலை திரும்புங்கோ."

பேதுரு சுவரைப் பார்த்து நின்றார். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மிகக் கவனமாகப் பார்த்தார். பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு சத்தமேயில்லை, பிறகு ஒரு கூச்சல்.

"அம்மோய், கொதிக்குது!"

"வெளியிலை வாரும்!"

"மாட்டன். நல்லாயிருக்கு. நீங்களும் வாங்கோ."

உடம்பைக் கழுவிவிட்டு, கண்ணை இறுக மூடியபடி தொட்டியைத் தடவி ஏறியவர் வழுக்கித் தொப்பென்று விழுந்தார். பாதித் தண்ணீர் வெளியே போனது.

"கண்ணைத் திறவுங்கோ! மண்டையை உடைச்சால் இவங்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"திறக்கட்டே?"

மேரிறோஸ் தோள்வரை தண்ணீரில் தாழ்ந்து, பிறகு நிமிர்ந்தார்.

"ஓம்."

பேதுரு திறந்தார். அக்குளிலிருந்து நெஞ்சின் நடுவரை சாய்வாக ஒரு இளஞ்சிவப்புக் கோடு. அவர் அவசரப்படாமல் பார்த்தார்.

"நல்லாத் தைச்சிருக்கினம்."

"ஒரு சின்னப் பிள்ளை டொக்டர். வடிவாத் தைப்பன் எண்டு முதலே சொன்னவ."

"நோகுதோ?"

"இப்ப இல்லை."

நெஞ்சை மறைக்கப் பாதி உயர்த்தியிருந்த கையை மேரிறோஸ் தொட்டியின் விளிம்பில் வைத்தார். தலையையும் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டார்.

நேரம் முடிந்தது என்று சுவர்த் தொலைபேசி அடித்தது. பேதுரு எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ. அடிக்கட்டும்."

ஒழுங்குக்குப் பேர்போன அந்த நாட்டில் தொலைபேசி நெடுநேரம் அடித்துக்கொண்டேயிருந்தது.