கீரையும் காப்பும் போதும் என்றிருந்தேன்

1999ஆம் வருடம், ஆனி மாதம். என் மனைவி கமலாவுக்கு மலத்தில் இரத்தம் போகத் தொடங்கியது. அவளுடைய அப்பா குடல் புற்றுநோயில் போனவர். அந்த நோயின் பேரை வீட்டில் உச்சரிக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒக்கலிபுரத்து வீட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே அலைந்துகொண்டே இருந்தேன்.

அந்த வாரம் ஒரு பத்திரிகையில் படித்தேன். மஞ்சள், பூண்டு, கீரை, பீட்ரூட் இவற்றில் உள்ள சத்துகள் பெருங்குடல் புற்றைத் தடுக்கக்கூடுமாம். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் பார்த்ததுதான், மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லை என்று கடைசிப் பத்தியில் போட்டிருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத் தள்ளிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று மல்லேஸ்வரத்து முருகன் கோயிலில் அவள் கையில் காப்புக் கட்டினோம். நாற்பத்தெட்டு நாள் விரதம். காப்பு கையில் இருக்கும்வரை சாவு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகக்கூடாது, தீட்டு என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்ன சொல்வாரோ என்ற என் பயத்துக்கு அந்த வழக்கம் தோதாக இருந்தது. பக்தி என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் பீட்ரூட்டும் கீரையும் சாறு பிழிந்து நீட்டுவேன்.

"ஏங்க, புருஷனைக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சா காய்கறிக்காரர் வந்து நிக்கிறீங்களே" என்பாள்.

"குடி கமலா. முருகன் பாத்துப்பான்."

"அவரு பாத்துப்பாரு. போறது பீட்ரூட் செவப்பா, வேற செவப்பான்னு எனக்குத்தான் தெரியல."

"பீட்ரூட்தான்" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். அதுதான் இன்னும் சுடுகிறது.

முப்பத்தோராம் நாள் கோயில் படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. சன்னிதியில் கண்ணை மூடினேன். முருகா, எனக்குத் தைரியம் கொடு, இல்லையென்றால் என்னைப் பிடித்துத் தள்ள ஒரு ஆளை அனுப்பு. அவ்வளவுதான் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது குருக்கள் விபூதித் தட்டோடு அவள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கை இப்படி வெளுத்திருக்கு?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காப்பை அவரே அவிழ்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறவாளுக்கு முருகன் தீட்டுப் பாக்கறதில்லை. இன்னிக்கே கூட்டிண்டு போங்கோ" என்று என்னிடம் சொன்னார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

புற்றுதான். அறுவை சிகிச்சை செய்தார்கள். டாக்டர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். "கீரை ஒள்ளேது, நல்லதுதான் சார், தினமும் கொடுங்க. ஆனா வளந்த கட்டியக் கீரை கரைக்காது" என்றார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று கேட்டேன். "அத இப்ப கேக்காதீங்க" என்றார்.

ஆறு வருடம் ஆகிறது. கமலா இருக்கிறாள். மலம் போக வயிற்றில் ஒரு பையோடு இருக்கிறாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பேன். இன்றும் எங்கள் வீட்டில் கீரை உண்டு, மஞ்சள் உண்டு, வருஷா வருஷம் பரிசோதனையும் உண்டு.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பயம் இருந்தால் வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிக்கொண்டே பஸ் ஏறுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் அவன் நிற்கிறான். எங்களுக்காகவும் நின்றான். நான்தான் முப்பத்தொரு நாள் அவனைக் காக்க வைத்துவிட்டேன்.