தலைவருக்கு வைத்த உருண்டை

சாப்பாட்டில் தலைமயிர் கிடந்தால் எனக்குக் கை கால் பதறும். சுவிஸ் நாட்டில், வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறேன். தொப்பி போடாமல் உள்ளே வருகிறவர் மேலாளராக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். என் கணவர் இதை ஒரு வியாதி என்பார். இருக்கட்டும். அந்த வியாதியால்தான் ஒரு மலைக் கிராமத்தில் அன்றைக்கு அந்தக் கூத்தெல்லாம் நடந்தது.

எங்கள் குசினியில் என்னோடு சில வருடங்கள் வேலை செய்த திபெத்தியப் பெண் ஒருத்தி, கலியாணமாகி டொகன்பூர்க் பக்கம் மலைக்குக் குடிபோனாள். என்னை 'அச்சா-லா' என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அக்கா. அந்தக் கிராமத்தில் அவளைப் போல அகதியாக வந்த குடும்பங்கள் பல இருந்தன. மாதம் ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் அங்கே உதவிக்குப் போகத் தொடங்கினோம். புதிதாக வந்தவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வோம், டாக்டரிடம் கூட்டிப்போவோம், விழா என்றால் சமைப்போம். நாங்களும் ஒரு காலத்தில் அகதி முகாமில் கைகட்டி நின்றவர்கள்தானே. கணவர் இதைச் 'சம்பளமில்லாத ஓவர்டைம்' என்று முணுமுணுப்பார். ஆனால் போகிற அன்று எனக்கு முன்னே காரில் ஏறி உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்குத் திபெத்திய எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்தாள். அவர்கள் பாடத்தைக் கூட்டமாகச் சத்தம் போட்டுத்தான் படிப்பார்கள். கீழ்வீட்டார் முறைப்பாடு செய்ய, வீட்டுக்காரர் இனி வகுப்புக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிராமத்தில் பழைய பள்ளிக்கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் தரும்படி கெமைண்டேயில், அதாவது ஊராட்சியில், கேட்டிருந்தாள். அது கிடைக்காவிட்டால் வகுப்பு அதோடு சரி.

"என்ரை மகளே நான் எங்கடை பாஷையிலை கேட்டால் டொச்சிலைதான் பதில் சொல்றாள், அச்சா-லா" என்றாள் ஒருநாள். நானும் அவளும் டொச்சில், அதாவது ஜெர்மனில்தான் கதைப்போம். ஆனால் எனக்கு அதெல்லாம் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அதனால் இங்கே எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். ஊராட்சித் தலைவர் உட்பட.

அவர்களுடைய புதுவருடத்துக்கு முந்திய நாள்களில் ஒரு மாலை, எல்லாரும் கூடி 'குத்துக்' என்று ஒரு சூப் குடிப்பார்கள். அதற்கு இந்த முறை ஊராட்சித் தலைவரையும் மனைவியையும் அழைத்திருந்தாள். சூப் என்றால் வெறும் சூப் அல்ல. ஆளுக்கொரு பெரிய மா உருண்டை அதில் மிதக்கும். ஒவ்வொன்றின் உள்ளும் ஏதாவது ஒளித்துவைத்திருப்பார்கள். பிய்த்துப் பார்த்து எல்லாருக்கும் காட்டவேண்டும். மிளகாய் வந்தால் வாயாடி, உப்பு வந்தால் சோம்பேறி, கரி வந்தால் மனம் கறுப்பு. செத்தல் மிளகாய், உப்பு, கரி. கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டில் திருஷ்டி சுற்றுகிற நாவூறு கழிப்புத்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் அடுப்பில் போடுவதை இவர்கள் சூப்பில் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குசினிப் பொறுப்பு எனக்கு. அவள் ஒரு உருண்டையைத் தனித் தட்டில் வைத்து, "இது தலைவருக்கு. மற்றதுகளோடை கலந்துபோடாதேங்கோ" என்றாள். அதற்குள் வாசலில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் ஓடிப்போனாள்.

அவித்துப் பரிமாறும் நேரம் அந்த உருண்டையைப் பார்க்கிறேன், ஓரத்தில் ஒரு வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தேன். வந்தது. இன்னும் இழுத்தேன். இன்னும் வந்தது. தலைவருடைய சாப்பாட்டில் யாரோ கிழவரின் நரைமயிர்!

"ஒருக்கா அவளிட்டைக் கேளுமன்" என்றார் கணவர், கரண்டியோடு நின்றபடி.

"தலைமயிரைப் பற்றி என்னத்தைக் கேக்கிறது? பேசாமல் கிண்ணத்தைப் பிடியுங்கோ" என்றேன்.

உருண்டையைக் குப்பைக்குள் போட்டேன். தட்டத்தில் இருந்த மற்ற உருண்டைகளில் வடிவான ஒன்றாகப் பார்த்து எடுத்துத் தலைவருடைய கிண்ணத்தில் போட்டு, சூப்பை நிறைய ஊற்றி நானே கொண்டுபோய் வைத்தேன். பெருமை வேறு.

பிய்த்துப் பார்க்கும் நேரம் வந்தது. கணவருக்கு உப்பு. எனக்கு மிளகாய். அவர் அன்று சிரித்த சிரிப்பை எங்கள் கலியாண வீட்டில்கூடச் சிரிக்கவில்லை. "நல்ல சனம், ஆளைப் பாக்காமலே கண்டுபிடிக்குதுகள்" என்றார். தலைவரின் மனைவிக்கு வெள்ளைக் கம்பளி நூல் வந்தது. மனம் மென்மை என்று அர்த்தமாம். எல்லாரும் கை தட்டினார்கள். நூலைப் பார்த்ததும் நான் குசினிக் குப்பைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்படியானால் நான் எறிந்தது?

தலைவர் தன் உருண்டையைப் பிய்த்தார். கரி.

அவள் என்னைப் பார்த்தாள். முகம் மா மாதிரி வெளுத்திருந்தது.

"இதுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார் தலைவர். அதிஷ்டம் என்று சொல்லு, செல்வம் என்று சொல்லு, எதையாவது சொல்லு என்று நான் தூரத்திலிருந்து கண்ணால் கெஞ்சினேன். அவளுக்குப் பொய் வராது. எங்கள் குசினியிலும் அதுதான் அவளோடு பெரிய கரைச்சல்.

"மனம் கறுப்பு எண்டு கருத்து" என்றாள். "விளையாட்டுக்குத்தான்."

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. கரண்டியை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. விரலில் ஒட்டிய கரியைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழையில்லை" என்றார். "போன கூட்டத்திலை எல்லாரும் பள்ளிக்கூடத்தைக் குடுப்பம் எண்டவை. நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். அதுக்கு முன்வீடு என்ரை வீடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு அமைதி வேணும். இஞ்சை சாப்பிட்டுப்போட்டு அதை எப்பிடிச் சொல்றது எண்டுதான் வந்த நேரந்தொட்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

வழக்கப்படி அவள் ஆளுக்கொரு துண்டு பச்சை மாவை எல்லார் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தாள். அதைப் பிசைந்து, நோவோ கெடுதலோ எங்கே இருக்கிறதோ அங்கே தேய்த்துவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே கொண்டுபோய் எறிய வேண்டும். நான் முழங்காலில் தேய்த்தேன். கணவர் முதுகில் தேய்க்க எட்டாமல் தவித்தார். தலைவர் கோட்டைக் கழற்றி, சட்டைப் பொத்தானைத் திறந்து, நெஞ்சில் வைத்துத் தேய்த்தார். சும்மா பேருக்கு அல்ல. சட்டி சுரண்டுகிற மாதிரித் தேய்த்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

மாத் தட்டை அவரே கேட்டு வாங்கினார். பந்தங்களோடு எல்லாரும் பனியில் நடந்து, பாதை பிரிகிற இடத்தில் அதை வீசினோம். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்றார்கள். தலைவர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நடந்தார். நான் பின்னால். காது மட்டும் முன்னால்.

"சாவி என்ரை வீட்டிலைதான் இருக்கு" என்றார். "ஞாயிறு காலமை வந்து எடுங்கோ." கொஞ்சத் தூரம் போய்விட்டுக் கேட்டார்: "பிள்ளையள் மெல்லமாப் படிப்பினமோ?"

ஓம் என்று சொல்லடி என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

"இல்லை" என்றாள் அவள். "எங்கடை பாடம் கத்தித்தான் படிக்க வேணும். இல்லாட்டி மனசிலை நிக்காது."

அவர் நின்றார். எல்லாரும் நின்றோம்.

"சரி" என்றார். "அப்ப ஞாயிறு காலமையிலை நான் மனிசியோடை நடக்கப் போறன். எத்தினையோ வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கிறா."

அவள் முன்னால் ஓடிப்போய் மகளைத் தூக்கிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பனியில் கன்னம் எரிய எரிய, நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.