சமையற்காரர் பாக்கியசாமியின் தொப்பி

விழுப்புரம் ஜங்ஷனில் துரைமார்கள் சாப்பிடும் அறைக்குப் பின்னால் ஓர் அடுப்படி இருந்தது. பாக்கியசாமி வாலிபத்தில் அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்தார். பார்த்துப் பார்த்தே சமையல் கற்று, போட்மெயில் ரயில் பிரயாணிகளுக்குச் சூப்பும் கட்லெட்டும் செய்கிறவராக ஆனார்.

அவருடையது விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் கரும்புத் தோட்டக் கூலிகளாக இருந்த கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பா மிராசுதார் தெருவில் நடக்கும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருமுனை வந்ததும் கை தானாகப் போகும். அதைப் பார்த்து வளர்ந்த பாக்கியசாமி தோளில் துண்டு போடவே பழகவில்லை.

அடுப்படியில் வேறு சட்டம். எப்போதோ ஒரு துரை சூப்பில் மயிர் கண்டு தட்டை வீசிவிட்டாராம். அதிலிருந்து தலையை மூடாதவன் அடுப்பருகே வரக் கூடாது, வந்தால் அன்றோடு வேலை போயிற்று. பட்லர் சவுரிராயன் இதில் தாட்சணியம் பார்க்க மாட்டார்.

அங்கே தலையை மூடியது தைத்த தொப்பி அல்ல. துரைமார் கை துடைக்கும் மேசைத் துண்டைக் கெட்டிக் கஞ்சியில் முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு மடித்து, ஓரங்களை உள்ளே செருகினால் படகு போல ஒன்று வரும். ஊசி நூல் கிடையாது, கஞ்சிதான் பிடித்து நிறுத்தும். சலவைக்குப் போடும் நாள் வரை அதைப் பிரிக்கக் கூடாது, தட்டையாக மடக்கி வைக்கலாம். அவசரத்தில் பிரித்தவனிடம் சவுரிராயன், "மடிப்பைக் கொன்னுட்டியேடா" என்பார். பாக்கியசாமியின் தொப்பி ஒருநாளும் பிரிந்ததில்லை. காலையில் வைத்தால் இரவு வரை தலையில் இருக்கும். இருப்பதே அவருக்குத் தெரியாது.

முப்பத்திரண்டாம் வருஷம் காங்கிரஸ்காரர்களின் கள்ளுக்கடை மறியல் பலமாக நடந்தது. மறியல்காரர்கள் தலையிலும் வெள்ளையில் படகு போன்ற தொப்பிதான். திண்டிவனத்தில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் வெளியே வரக் கூடாது என்று சர்க்கார் ஆட்கள் தமுக்கடித்தார்கள். மீறினவர்களைச் சந்தைத் திடலில் வைத்து அடித்ததாகச் சேதி வந்தது. பாக்கியசாமியின் மனைவி லூர்துமேரி அப்போது தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் தொப்பியை அடுப்படி ஆணியில் மாட்டி, மாட்டியதை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்.

ஒருநாள் முற்பகல், திண்டிவனம் பக்கமிருந்து வந்து நின்ற பாசஞ்சரின் ஃபயர்மேன் சுப்பராயலு அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"பாக்கியம், உன் மச்சான் திண்டிவனம் டேசன்ல நின்னுக்கினு இருந்தான். உன் சம்சாரத்துக்கு ராவெல்லாம் வலியாம். கொழந்தை திரும்பலையாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு மருத்துவச்சி சொல்லுது."

"தூக்க வேண்டியதுதானே?"

"கட்டினவன் வந்து ஒரு வார்த்த சொல்லாம எப்படித் தூக்குவாங்க? நாளைக்கி ஒண்ணுன்னா உங்காளுங்க சும்மா வுடுவாங்களா? ஜல்தி போ. எதுத்த வண்டி கெளம்பப் போவுது."

அது அந்தப் பக்கத்து வழக்கம். கட்டிக்கொடுத்த பெண்ணின் உயிர் விஷயத்தில் புருஷன் வாய்ச்சொல் இல்லாமல் தாய்வீட்டார் துணிய மாட்டார்கள். பாக்கியசாமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். நகரத் தொடங்கிய வண்டியில் தொற்றிக்கொண்டார்.

முண்டியம்பாக்கம் தாண்டியதும்தான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பலகைக்குப் போனார். எதிரில் ஒருவர் கும்பிட்டுவிட்டு, உடனே பயந்தவர்போல வெளியே பார்த்தார். தன் மேல் வெங்காய நாற்றம் வீசுகிறது, அதற்காக இருக்கும் என்று பாக்கியசாமி ஒதுங்கி உட்கார்ந்தார். லூர்துமேரியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

விக்கிரவாண்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்துக் கூடையில் சுமந்து வெள்ளையம்மாள் என்ற கிழவி ஏறினாள். மயிலம் தாண்டும் வரை அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்யா, அடி வாங்கணும்னே கெளம்பி வந்தியா, இல்ல மறந்துட்டு வந்தியா?"

"இன்னாது?"

"தலையில கை வச்சிப் பாரு."

வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் கஞ்சி மொரமொரத்தது.

எறிந்துவிடலாம் என்று ஜன்னல் வரை கையைக் கொண்டுபோனார். எறிந்தால் நாளைக்கு எந்தத் தலையோடு அடுப்படிக்குள் நுழைவது? எறிவதை யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால்? வண்டி வேகம் குறைந்தது. திண்டிவனம் கைகாட்டி மரம் தெரிந்தது. அவர் விரல்கள் பழகியதைச் செய்தன. தொப்பியை மடிப்புக் கலையாமல் தட்டையாக மடக்கி வேட்டி மடிக்குள் செருகின.

இறங்கியவர்களிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்கும் வாசலில் ஹெட்கான்ஸ்டபிள் ஒருவரும் இளம் கான்ஸ்டபிள் ஒருவனும் நின்றார்கள். முன்னால் போனவர்களின் மூட்டைகளைக் கழியால் குத்திப் பார்த்தார்கள். பாக்கியசாமியிடம் மூட்டை இல்லை. ஆனால் நடக்கும்போது ஒரு கை மடியை அழுத்திக்கொண்டே இருந்தது.

"மடியில இன்னாடா?"

"துணிங்க."

"எடு."

எடுத்தார். தொப்பி நழுவி, கஞ்சியின் விறைப்பில் விரிந்து, படகாகவே தரையில் உட்கார்ந்தது.

"துணியாம்" என்றார் ஹெட். "எந்தக் கடைக்கிடா மறியலு?"

"நான் சமையக்காரன் சாமி. விழுப்புரம் டேசன்ல. இது அடுப்புக்கிட்ட போடற தொப்பி."

"அப்ப எதுக்கு ஒளிச்சே?"

பயந்து ஒளித்தேன் என்றால், தப்புச் செய்யாதவன் ஏன் பயந்தாய் என்பார்கள்.

"பொண்டாட்டிக்கி வலிங்க. உசுருக்குப் போராடிக்கினு இருக்குது. நான் போய் ஒரு வார்த்த சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கித் தூக்குவாங்க."

"மறியலுக்கு வர்றவன் ஊட்டுல எல்லாம் ஒருத்திக்கி வலி வந்துடுதுய்யா" என்று ஹெட் இளம் கான்ஸ்டபிளைப் பார்த்துச் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா வரட்டும். ஒக்காத்தி வை."

கூட்ஸ் ஷெட் சுவரோரம் குந்தவைத்தார்கள். வண்டி வந்து ஆட்கள் இறங்கும்போதெல்லாம் கான்ஸ்டபிள் தொப்பியை எடுத்துத் தன் கையாலேயே அவர் தலையில் வைப்பான். ஜனங்கள் கிட்டே வந்ததும் கையை ஓங்கி ஓர் அறை. தொப்பி போய் விழும். பார்த்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போவார்கள். அறை பெரிய வலி இல்லை. கை உயர்வதற்கும் விழுவதற்கும் நடுவில் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாமியார் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே அவள் செத்துக்கொண்டிருக்கிறாளா, செத்துவிட்டாளா, தெரியவில்லை. எழுந்து ஓடலாம் என்று கால் சொல்லும். கழியைப் பார்த்ததும் அந்தக் காலே மடங்கும்.

பொழுது சாயும் வேளையில் இன்ஸ்பெக்டர் வந்தார். பாக்கியசாமியின் சட்டையை முகர்ந்தார். மசாலா வாசனையும், கையில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகளும் இருந்தன.

"இவன் எந்தக் கடையை மறிப்பான்? போகச் சொல்லுங்கய்யா" என்றார். தொப்பியையும் கொடுக்கச் சொன்னார்.

மாமியார் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வெளியே வந்தாள்.

"வந்துட்டியா மகராசா? உனக்காகக் காத்துக்கினு இருந்திருந்தா இன்னேரம் குழி வெட்டிக்கினு இருப்போம். ரெண்டாவது வண்டி வந்து போயும் நீ ஊட்டுக்கு வரலன்னதும் லூர்து கத்திச்சி பாரு. 'வயிறு என்னுது, உசுரு என்னுது, நான் சொல்றேன், தூக்குங்க'ன்னுச்சி. கட்டிலோட தூக்கிக்கினு ஓடினாங்க."

"இருக்குதா?"

"ரெண்டும் இருக்குது. போய்ப் பாரு."

சர்க்கார் ஆஸ்பத்திரியில் லூர்துமேரி வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் பெண் குழந்தை. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"தச்ச தொப்பியா அது?"

"இல்ல. மடிச்சது."

"அப்ப வண்டியிலயே ஒரு ஒதறு ஒதறி இருந்தா துண்டுதானேயா? துண்ட யாரு கேக்கப் போறாங்க?"

அவர் திகைத்துப் போனார். அடுப்படிக்குள் ஒருநாளும் கால் வைக்காதவள் சொல்கிறாள்! நாள்தோறும் மடிக்கிற தனக்கு அது தோன்றவே இல்லை. பிரிக்கக் கூடாது என்பது விரலில் அவ்வளவு ஊறியிருந்தது.

பிறகு அவளே சொன்னாள். "சூப்புல மயிரு வுழும், தலைய மூடுன்னு பட்லரு சொல்றாரு. சரி. தலைய மூடுனா தெருவுல இன்னா வுழும்னு சர்க்காரு சொல்லுது?"

"மெதுவாப் பேசு" என்று அவர் வாசலைப் பார்த்தார்.

குழந்தைக்கு அமல்ராணி என்று ஞானஸ்நானம் ஆயிற்று. அதன்பின் பாக்கியசாமி அடுப்படி வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் கை தானாகத் தலைக்குப் போய்த் தொப்பியை எடுத்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்குப் போனாலும் எடுப்பார். தடையைத் தமுக்கடித்துச் சொன்னவர்கள், அது போனதைச் சொல்லத் தமுக்கடிக்கவில்லை. எங்கேயாவது இன்னும் இருக்கும் என்றே அவர் நினைத்தார். பின்னால் காங்கிரஸ் மந்திரிகளே தொப்பியோடு ரயிலில் போனார்கள். நாற்பத்திரண்டில் மறுபடியும் அந்தத் தொப்பிகளைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டையும் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

நாற்பத்தேழு ஆகஸ்டில் பிளாட்பாரத்தில் கொடிக்கம்பம் நட்டார்கள். முதல்நாள் ஸ்டேஷன்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி அனுப்பினார்கள். காலையில் அத்தனை பேரும் வெள்ளைத் தொப்பியோடு நிற்க வேண்டும், வெறுந்தலையோடு நிற்பவன் யார் பக்கம் என்று கேட்போம். யார் போட்ட உத்தரவு என்று தெரியவில்லை. தொப்பி கிடைக்காத போர்ட்டர்கள் பாக்கியசாமியிடம் வந்தார்கள். இருந்த மேசைத் துண்டுகளை எல்லாம் அவரே உட்கார்ந்து மடித்துக் கொடுத்தார்.

காலையில் வாசற்படியைத் தாண்டியதும் கை வழக்கம்போலத் தொப்பியை எடுத்துவிட்டது. மகளோடு கொடியேற்றம் பார்க்க வந்திருந்த லூர்துமேரி அதைக் கவனித்தாள்.

"போட்டுக்கயா. இன்னிக்கி யாரும் அடிக்க மாட்டாங்க."

"இன்னிக்கி" என்றார் அவர். "நாளைக்கி?"

"போடலன்னா இன்னிக்கே அடிப்பாங்க போலக்குதே."

போட்டுக்கொண்டார். வரிசையில் அவருக்குக் கிடைத்த இடத்துக்கு அருகில் காவலுக்கு ஒரு கான்ஸ்டபிள் நின்றான். புதிய ஆள், வயதில் சின்னவன். பாக்கியசாமி கொடியைப் பார்க்கவில்லை. அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இழுபட்டது. கொடியிலிருந்து பூ உதிர்ந்தது. சலாம் வைக்க அந்தக் கை விருட்டென்று உயர்ந்தது.

பாக்கியசாமி இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

கை பட்ட தொப்பி நழுவி, கான்ஸ்டபிளின் பூட்ஸ் அருகில் விழுந்தது. பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அமல்ராணி சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொடிப் பாட்டு முடிந்ததும் கான்ஸ்டபிள் அதை எடுத்து, தூசி தட்டி நீட்டினான்.

"இந்தாங்க பெரியவரே. போட்டுக்குங்க."

பாக்கியசாமி வாங்கினார். அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் ஓரத்தைப் பிடித்து ஓங்கி ஓர் உதறு உதறினார். கஞ்சி படபடவென்று விட்டுக்கொடுத்தது. மடிப்பெல்லாம் செத்து, அது நாலு மூலையுள்ள வெறும் துண்டாயிற்று. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்கள் வழிவிட, அடுப்படியைப் பார்த்து நடந்தார். போட்மெயிலுக்கு இன்னும் சூப்பு எலும்பு வேகவில்லை.