ரோமாபுரியை மூடிய மேஸ்திரி

மலைமேல் இருக்கும் அரியூர் நாட்டில் கவலைக்கிழங்கு தோண்டுவதில் செங்கோடனை மிஞ்ச ஆளில்லை. ஆளுயரக் குழியில் இறங்கி, கீறல் விழாமல் கிழங்கைத் தூக்கி வருவார். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவிடுவதால் ஊருக்குச் சொல்லும் வேலை மிச்சம்.

மச்சினன் மாதனுக்குத்தான் பொறுக்கவில்லை. மலையை விட்டு இறங்கினால் உங்களை எவன் மதிப்பான் என்று கேட்டுவிட்டான். மேஸ்திரி ஆகாமல் மலையேறுவதில்லை என்று மனைவி இருசாயி முன்னால் சபதம் போட்டு, செங்கோடன் புளியஞ்சோலை வழியாக இறங்கிப் போனார்.

யுத்தம் முடிகிற சமயம் அது. புதுச்சேரிப் பக்கம், ஆறு கடலில் சேருமிடத்தில், அந்தக் காலத்து ரோமாபுரி வியாபாரிகள் குடியிருந்த ஊரைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கூலிக்குச் சேர்ந்த செங்கோடன் இறங்கிய குழியில் இரண்டு காது வைத்த நெட்டைச் சாடி ஒன்று அகப்பட்டது. அடி கூர்ந்து, அச்சு அசல் கிழங்கு. உடையாமல் எடுத்துக் கொடுத்தார். தோண்டும் வேலையை நடத்திய அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக் காலையில் குழியைப் படம் பிடித்ததும் நீதான் மேஸ்திரி என்றார்.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. கிழங்கின் தலையைக் குழியிலேயே வைத்து மூடிவிட வேண்டும். அடுத்த வருசம் கொடி ஏறும். குழியைத் திறந்து போட்டு வருகிறவனுக்குப் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

காலையில் படம் பிடிக்க வந்தவர்கள் குழியைக் காணாமல் திகைத்தார்கள்.

“மூடிட்டனுங்க,” என்றார் செங்கோடன். “ஒடைஞ்ச சாடிக் கழுத்து ஒண்ணு கெடந்துச்சு, அதை அடியில வெச்சிருக்கறேன். சாடி மொளைக்காதுன்னு எனக்குந் தெரியுமுங்க. ஆனா வெக்காம வர கை ஒப்பலீங்க.”

அதிகாரி மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி வேலை வேறொருவனுக்குப் போனது. ஊர் திரும்ப முகமில்லாத செங்கோடன், பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு மண் சுமந்தார்.

வேலை முடிந்தபோது எல்லாக் குழிகளையும் மூடியாக வேண்டியிருந்தது. இருந்த இடமே தெரியாமல் மூடிய ஆள் அதிகாரியின் நினைவுக்கு வந்தார். மூடுகிற கூட்டத்துக்குச் செங்கோடனே மேஸ்திரி.

மலையேறியவரை மாதன் மடக்கினான். “என்னத்தத் தோண்டுனீங்க மச்சான்?”

“தோண்டறதை எவன் வேணாலும் தோண்டுவான் மாப்ள. நான் ரோமாபுரிக்காரன் ஊரையே மூடிட்டு வந்திருக்கறேன்.”

இருசாயி கேட்டாள்: “தலை வெச்சுத்தானே மூடுனீங்க?”

“வெக்காம வருவனா?” என்றார் மேஸ்திரி.